தமிழகக் கடற்கரையில் கடலாமைப் பாதுகாப்பு

தமிழகக் கடற்கரையில் கடலாமைகளின் முட்டைகளைக் காக்கும் பணி 1970களின் தொடக்கத்தில் சென்னையில் தொடங்கியது. சில இளைஞர்களின் இரவு நடையாகப் பிறந்த இந்தப் பணியில் பின்னர் வனத்துறையும் மாணவர்களும் மீனவ இளைஞர்களும் சேர்ந்தனர். கரையில் முட்டைகளைக் காப்பதில் ஐம்பது ஆண்டுகளில் நல்ல பயன் கிடைத்துள்ளது. ஆனால் முட்டையிட வரும் தாய் ஆமை கடலிலேயே வலையில் சிக்கி இறப்பதைத் தடுப்பதில் அந்த அளவு பயன் கிடைக்கவில்லை.

ஆமை இனங்கள்

இந்தியக் கடல்களில் ஐந்து வகைக் கடலாமைகள் காணப்படுகின்றன. அவை பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்பன. தமிழகக் கரையில் மிகுதியாக முட்டையிடுவது பங்குனி ஆமையே. ஆலிவ் ரிட்லி என்று செய்தித்தாள்கள் குறிப்பிடுவது இதைத்தான். தை முதல் பங்குனி வரை இது கரையேறுவதால் இப்பெயர் பெற்றது. ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் இந்த ஆமைகள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகத் திரண்டு முட்டையிடும். தமிழகத்தில் தனித்தனியாகவே கரையேறும். எனவே கூடுகள் நீண்ட கரையில் சிதறிக் கிடக்கும். அவற்றைக் கண்டறிய நடந்துதான் தேட வேண்டும்.

பழைய செய்திகள்

கடற்கரை மணலில் ஆமை முட்டையிடுவதைச் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தனர். அகநானூற்றின் 160ஆம் பாடலில், அடும்பங்கொடி படர்ந்த மணலில் பெண் ஆமை முட்டையிட்டுப் புதைக்கும் காட்சி வருகிறது. குஞ்சு பொரியும் வரை ஆண் ஆமை காவல் இருப்பதாகவும் அப்பாடல் கூறுகிறது. உண்மையில் ஆண் ஆமை முட்டையைக் காக்கக் கரைக்கு வருவதில்லை. தாயும் முட்டைகளை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். கூட்டுக்குக் காவல் என்று எதுவும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் மன்னார் வளைகுடாப் பகுதியில் ஆமை வணிகம் நடந்தது. பேராமைகளைப் பிடித்து உயிருடன் இலங்கைக்கு அனுப்பினர். ஆமையின் இரத்தம் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையில் தூத்துக்குடியில் அதைக் குடிக்கும் வழக்கமும் இருந்தது. பல ஊர்களில் முட்டைகளைத் தோண்டி உண்டனர், விற்றனர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்த வணிகத்துக்குத் தடையானது. ஐந்து வகை ஆமைகளும் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்று, புலிக்குரிய பாதுகாப்பைப் பெற்றுள்ளன.

இரவு நடைகள்

சட்டம் வந்த காலத்தில், எந்தக் கரையில் எத்தனை ஆமைகள் முட்டையிடுகின்றன என்ற கணக்கு எவரிடமும் இல்லை. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவரது நண்பர்களும் இரவில் சென்னைக்குத் தெற்கே உள்ள கரைகளில் நடந்து கூடுகளைத் தேடத் தொடங்கினர். கிடைத்த முட்டைகளைப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து 1973-74 பருவத்தில் முதல் பொரிப்பகத்தை அமைத்தனர்.

அக்குழுவில் இருந்த சதீஷ் பாஸ்கர் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு ஆமைகளின் பின்னே சென்றவர். இந்தியக் கடற்கரையின் பெரும்பகுதியையும் லட்சத்தீவு, அந்தமான், நிக்கோபார் தீவுகளையும் கால்நடையாகச் சுற்றி ஆய்வு செய்தார். 1982இல் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலி தீவில் மழைக்காலம் முழுவதும் தனியே தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, பின் உரிய முகவரிக்கு வந்து சேர்ந்தது. இவர் 2023இல் காலமானார்.

பொரிப்பகப் பணி பல கைகள் மாறியது. 1970களின் இறுதியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோவளத்தில் இப்பணியை ஏற்றது. 1982 முதல் வனத்துறை சில ஆண்டுகள் தொடர்ந்தது. பிறகு ஏற்பட்ட இடைவெளியை நிரப்ப 1988இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு தோன்றியது. இதன் தொண்டர்கள் நள்ளிரவில் நீலாங்கரையில் புறப்பட்டு விடியற்காலையில் பெசன்ட் நகர் வந்து சேர்வர். 2002இல் நீலாங்கரையில் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ அறக்கட்டளை மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாகப் பயிற்றுவித்தது. இப்போது வனத்துறையும் கடலோர மாவட்டங்கள் பலவற்றில் பொரிப்பகங்களை நடத்துகிறது.

முட்டையைக் காக்கும் முறை

கரையேறிய ஆமையின் துடுப்புத் தடம் மணலில் வண்டிச் சக்கரம் உருண்டதுபோல் பதிந்திருக்கும். தடம் முடியும் இடத்தில் கோலால் மெல்லக் குத்திப் பார்ப்பர். மணல் இளகி உள்ளே இறங்கும் இடமே முட்டைக்குழி. குழி குடத்தின் வடிவில், ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்தில் இருக்கும். அதில் 100 முதல் 120 முட்டைகள் கிடைக்கும். அவற்றைச் சில மணி நேரத்துக்குள், அதிகம் உருட்டாமல், பொரிப்பகத்துக்குக் கொண்டு சென்று அதே வடிவக் குழியில் புதைக்க வேண்டும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும்.

குஞ்சுகள் வெளிச்சம் மிகுந்த திசையை நோக்கி நகரும் இயல்புடையவை. விளக்குகள் இல்லாத காலத்தில் அந்தத் திசை கடலாகவே இருந்தது. இன்று தெருவிளக்கும் விடுதி விளக்கும் அவற்றைச் சாலைக்கு இழுக்கின்றன. நகரக் கரைகளில் முட்டைகளை இடம் மாற்றுவதற்கு நாய், நரி, மனிதர் என்ற அச்சத்தோடு இதுவும் ஒரு காரணம்.

மணற்கரையின் நிலை

முட்டையிட மணல் வேண்டும். அந்த மணலின் ஒரு பகுதி ஆறுகள் கொண்டுவந்தது. கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தைக் கடந்து ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலைச் சேர்கிறது. ஆறுகள் தள்ளும் மணலைக் கடல் நீரோட்டம் கிழக்குக் கரையில் பெரும்பாலும் வடக்கு நோக்கி நகர்த்துகிறது. இடையில் துறைமுகச் சுவர் எழுந்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின் மெரினா அகன்றதும், இராயபுரம் கரை அரிக்கப்பட்டதும் இவ்வாறே. அரிப்பைத் தடுக்கக் கற்களைக் கொட்டிய இடத்தில் ஆமையால் ஏற முடியாது. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, ஆமைகள் முட்டையிடும் இடங்களைச் சூழல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதிகளில் சேர்த்துள்ளது.

வலையும் ஆமையும்

ஆமை நுரையீரலால் சுவாசிக்கும் உயிர். அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலை மணிக்கணக்கில் கடலடியில் இழுபடும்போது, அதில் சிக்கிய ஆமை மூச்சுத் திணறி இறக்கிறது. வலையில் பொருத்தும் ஆமை விலக்குக் கருவி, கம்பித் தடுப்பால் ஆமையைத் திருப்பி ஒரு திறப்பு வழியே வெளியேற்றும். மீனும் அவ்வழியே போய்விடும் என்று மீனவர்கள் அஞ்சுவதால் அதன் பயன்பாடு பரவவில்லை. இக்கருவி இல்லாததைக் காரணம் காட்டி 2019இல் அமெரிக்கா இந்தியக் கடல் இறாலின் இறக்குமதியை நிறுத்தியது. கருவியைப் பொருத்தாததால் இழப்பு மீனவருக்கும் வந்தது.

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்பது தமிழக அரசின் விதி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையும் உண்டு. ஆனால் ஆமைகள் கரைக்கு அருகே கூடுவது சனவரி முதல் மார்ச் வரை. தடை தொடங்கும்போது முட்டையிடும் பருவம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எனவே அப்பருவத்தில் ஆமைக்கு உள்ள காப்பு 5 கடல் மைல் விதி மட்டுமே.

2025 சனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் இறந்த ஆமைகள் தொடர்ந்து ஒதுங்கின. அப்பருவத்தில் ஒதுங்கியவை ஆயிரத்தைக் கடந்தன. மூச்சுத் திணறலே காரணம் என உடற்கூறு ஆய்வுகள் காட்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 5 கடல் மைல் எல்லைக்குள் கண்காணிப்பு கூட்டப்பட்டது.

இழப்பின் அளவை எளிய கணக்கால் அறியலாம். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்த ஆமையாகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதன்படி ஆயிரம் ஆமைகளை ஈடுசெய்யப் பத்து லட்சம் குஞ்சுகள் வேண்டும். கூட்டுக்கு நூறு குஞ்சுகள் என்று கொண்டால், அது பத்தாயிரம் கூடுகள். அக்குஞ்சுகள் முட்டையிடும் வயதை எட்டப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இரவு நடைகள் காத்துத் தந்த பலன் நிலைக்க வேண்டுமானால், கரையில் உள்ள காவல் சனவரி முதல் கடலிலும் இருக்க வேண்டும்.