திரையில் ஓடிய மணிக்கூடு: வாவிக்கரையின் இரு நேரங்கள் பற்றிய ஒரு குறிப்பு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளும் ஞாயிற்றால் பெயர் பெற்றவை. கடலை அடுத்த கீழ்க்கரை எழுவான்கரை. வாவிக்கு அப்பால் வயலும் காடும் விரிந்த மேற்கரை படுவான்கரை. வானத்தைப் பார்த்து நிலத்துக்குப் பெயரிட்ட இம்மக்களிடையே 1996 முதல் 2006 வரை, ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம், ஒரே ஞாயிற்றுக்கு இரண்டு மணிக்கூடுகள் இருந்தன. எழுவான்கரையிலுள்ள அமிர்தகழியை நிலைக்களமாகக் கொண்டு, ஒலிபரப்பு நிலையங்கள் அறிவிக்கும் நேரத்தையும் அவை தம்மை இனங்காட்டும் முறையையும் நம்மவர் எவ்வாறு நோக்கினர் என்பதை ஆராய முற்படுகின்றோம். இஃது அற்பப் பொருளென்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயின், கைத்தொழில் முதலாளித்துவம் உழைப்பாளரின் நாளை மணிக்கூட்டுக்கு அடிமைப்படுத்திய வரலாற்றை 1967 இல் ஈ. பி. தொம்சன் எழுதிய பின்னர், நேரம் யாருடையது என்ற வினாவை எவரும் அற்பமெனத் தள்ளிவிட முடியாது.

முதலில் சிறிது கணக்கு. அமிர்தகழி ஏறத்தாழ 81.7 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் உள்ளது. அதன் இயல்பான ஞாயிற்று நேரம் கிரீனிச் நேரத்துக்கு 5 மணி 27 நிமிடம் முந்தியது. 1906 சனவரி முதலாந் திகதி இலங்கை ஏற்றுக்கொண்ட ஐந்தரை மணி நியம நேரம், ஆகவே, இவ்வூருக்கு மூன்று நிமிட வேறுபாட்டையே தந்தது. அந்நியர் வகுத்ததாயினும் வாவிக்கரைக்கு நன்கு பொருந்திய நேரம் அது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 சனவரியில் அரைமணியும், அவ்வாண்டு செத்தெம்பரில் மேலும் அரைமணியும் கூட்டப்பட்டன. 1945 ஒக்தோபரில் பழைய நிலை மீண்டது.

அரசு நியமித்த நேரத்தை வீட்டுக்குள் கொணர்ந்தது வானொலியே. 1928 இல் மட்டக்களப்புக்கு வந்த புகைவண்டியும் நேரத்தைக் கொணர்ந்ததுதான். ஆயினும் அது நிலையத்தோடு நின்றுவிட்டது. இலண்டன் பிபிசி 1924 பெப்ரவரியில் தொடங்கிய நேரக் குறியொலியின் வழிவந்த 'பீப்' ஓசையைக் கேட்டுச் சுவர் மணிக்கூட்டைத் திருத்துவது நம் வீடுகளில் ஒரு சடங்காகவே அமைந்தது. இலங்கை ஒலிபரப்பு 1925 இல் தொடங்கியது; 1949 இல் 'ரேடியோ சிலோன்' ஆகி, 1967 இல் கூட்டுத்தாபனமாயிற்று. மக்களோ கூட்டுத்தாபனத்தின் நீண்ட பெயரைப் பொருட்படுத்தாது, 'இலங்கை வானொலி' என்றே வழங்கினர். நிலையம் தனக்கு இட்ட பெயரைவிட நேயர் இட்ட பெயரே நிலைத்தது. பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த அகில இந்திய வானொலியின் தொடக்க இசையும் பலருக்கு விடியலின் அடையாளமாயிற்று. அதனை அமைத்தவர் நாசிகளின் கொடுமைக்குத் தப்பிப் பம்பாய் வந்த யூத இசையறிஞர் வால்டர் கவுஃப்மன் என்பதைக் கேட்டோருள் எத்துணைப் பேர் அறிவர்!

தொலைக்காட்சியோடு நிலைமை மாறியது. 1979 ஏப்பிரலில் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15 அன்று யப்பானிய உதவியுடன் ரூபவாஹினியும் தொடங்கின. நிலைய அடையாளம் இப்போது கண்ணுக்கும் உரியதாயிற்று. இந்தியத் தூரதர்ஷனுக்கு அகமதாபாத் வடிவமைப்பு மாணவர் ஒருவர் வரைந்த கண்ணிலச்சினையும், ரவிசங்கரும் ஷெனாய்க் கலைஞர் அலி அகமது ஹுசைன் கானும் அமைத்த இசையும் சேர்ந்து, மொழி வேண்டாது புரிந்துகொள்ளத்தக்க ஓர் அடையாளத்தை உருவாக்கின. நம் நாட்டிலோ அடையாளம் மொழிச் சிக்கலோடு பிணைந்தது. 'வானொலி' என்பது தமிழர் தமக்கெனப் படைத்த சொல். 'ரூபவாஹினி' தமிழ் வரிவடிவில் எழுதப்பட்ட பிறசொல். அதனைத் தமிழாக்கும் முயற்சி நிலைபெறவில்லை. பிற்காலத்தில் தமிழுக்கென எழுந்த அரச அலைவரிசையும் 'நேத்ரா' என்றே பெயர் பெற்றது. கண்ணைக் குறிக்கத் தமிழில் சொல்லில்லையா என்று கேட்ட பார்வையாளரை நாமறிவோம். அது வெறும் தூய்மைவாதமன்று, நிலையம் தம்மை நோக்கிப் பேசுகின்றதா என்ற ஐயமே அவ்வினாவின் அடியில் இருந்தது.

இப்பின்னணியிலேயே 1996 இன் நேர மாற்றத்தை நோக்கல் வேண்டும். வரட்சியால் நீர்மின் உற்பத்தி குன்றியபோது, அரசு மே 25 இல் நாட்டின் நேரத்தை ஒரு மணியால் முன்தள்ளியது. ஒக்தோபர் 26 இல் அரைமணி குறைத்து ஆறு மணி நேரமாக்கியது. விடுதலைப் புலிகள் தம் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இம்மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே, படுவான்கரையின் பெரும்பகுதியில் 'பழைய நேரம்', எழுவான்கரையில் 'புதிய நேரம்'. வலையிறவுப் பாலத்தைக் கடந்தவரும் மண்முனைத் துறையில் பாதையேறியவரும் சோதனைச் சாவடியைத் தாண்டும்போது அரைமணியையும் தாண்டினர். திருமண ஓலையில் முகூர்த்தம் எழுதுவோர் எந்த நேரம் என்று குறிப்பிட வேண்டியிருந்தது. வாவிக்கு எல்லையிட்டது துவக்கு மட்டுமன்று, மணிக்கூடுந்தான்.

ஆனால் தொலைக்காட்சி அலை வாவியில் நிற்பதில்லை. கொழும்பின் எட்டு மணிச் செய்தி படுவான்கரையில், மின்சாரமில்லாத வீடுகளில் வாகன மின்கலத்தால் இயங்கிய பெட்டிகளில், ஏழரைக்கு வந்தது. எதிர்த்திசையில், 1993 இல் தொடங்கிய சன் தொலைக்காட்சியை எழுவான்கரையில் செய்மதி வழியாகப் பார்த்தவர்களுக்குச் சென்னையின் மணி பழைய நேரத்தையே காட்டியது. இதில் ஒரு முரண் உண்டு: கொழும்பு கைவிட்ட நேரம் இந்தியாவின் நியம நேரமாகவும் படுவான்கரையின் நேரமாகவும் ஒருங்கே நிலவியது. மணியைப் பற்றிய கருத்து, அதனால், அரசியற் கருத்தாக எளிதில் மாறியது. எந்த நேரத்தில் பேசுகின்றார் என்பதைக் கொண்டு ஒருவரின் சார்பை ஊகிக்கலாமென்று கருதியோர் இருந்தனர். எனினும் எல்லோரும் சார்புநிலையால் பழைய நேரத்தைப் பற்றினர் எனல் மிகையாகும். முதியோர் பலருக்கு அது வெறும் பழக்கமே.

அமிர்தகழியில் இன்னொரு காரணமும் இருந்தது: மாமாங்கேஸ்வரர் ஆலயம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் பெருந்திரளானோர் கூடும் அவ்வூரில், காலக்கணக்கு சூரியோதயத்திலிருந்து நாழிகையாக எண்ணப்படுவது. நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். அதற்குக் கொழும்பின் உத்தரவு தேவையில்லை. பழைய கணக்கில் ஆடிமாதக் கதிரவன் காலை ஆறு மணியை ஒட்டி எழுவான். 1996 ஆடியில் அரச மணிக்கூட்டில் அது ஏழு மணி. திங்கட்கிழமை இராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது என்று மனனஞ்செய்தோர், அவ்வாய்பாடு ஆறு மணி உதயத்தை முற்கொண்டது என்பதை அப்போதுதான் உணர்ந்தனர். சமய நம்பிக்கையை இங்கு நாம் பரிந்துரைக்கவில்லை. மணிக்கூடு இயற்கையன்று, உடன்படிக்கையே என்ற உண்மையைப் பஞ்சாங்கம் பார்ப்போர் பல்கலைக்கழகத்தாருக்கு முன்பே கண்டுகொண்டனர் என்பதையே சுட்டுகின்றோம்.

2006 ஏப்பிரல் 15 அன்று கொழும்பு ஐந்தரை மணிக்கே மீண்டது. பிள்ளைகள் இருளில் பாடசாலை செல்ல நேர்ந்ததும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. அம்மீட்சியால் இரு கரைகளின் மணிக்கூடுகளும் ஒன்றாயின. பேச்சுவார்த்தையால் அன்று, படுவான்கரையின் நேரம் நின்ற இடத்துக்கு அரசின் நேரம் வந்து சேர்ந்ததால். கரைகளோ அவ்வாண்டில் ஒன்றாகவில்லை. போர் மீண்டும் மூண்டு, 2007 நடுப்பகுதியில் படுவான்கரை முழுவதும் அரசபடையின் வசமாகும் வரை, ஒரே மணியைக் காட்டிய இரு கரைகளுக்கிடையே மக்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தனர். மண்முனையில் பாதை ஓடிய இடத்தில் பாலம் திறக்கப்பட்டது 2014 இலேயே.