நன்மரண நூல்கள்

மரணத்தை மனத்தெளிவோடு எதிர்கொள்ளும் முறையைச் சாமானிய மக்களுக்குப் போதிக்கும் பொருட்டு 15ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பாவில் தோன்றிய நூல்வரிசை நன்மரண நூல்கள் எனப்படும். லத்தீன் மொழியில் இவற்றை 'ஆர்ஸ் மோரியெண்டி' என்பர்.

தோற்றம்: 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய கொள்ளைநோயில் ஜனங்களோடு குருமாரும் பெருந்தொகையாக மாண்டமையால், பாவசங்கீர்த்தனம் கேட்பாரும் அவஸ்தைப்பூசுதல் அளிப்பாருமின்றித் தனியே உயிர்நீத்தவர் எண்ணற்றோர். அதன்பின்னும் கொள்ளைநோய் மீண்டும் மீண்டும் தலைகாட்டிய காலத்தில், 1415ஆம் ஆண்டு வாக்கில், பாரிஸ் நகரத்து ஞானி ஜான் ஜெர்சனின் சிறுநூலை ஆதாரமாகக் கொண்டு, பெயர் அறியப்படாத துறவி ஒருவர் ஆறு அத்தியாயங்களில் இதன் முதல் நூலை இயற்றினார். அதன் ஐந்தாம் அத்தியாயம், படுக்கையருகே இருக்கும் உற்றாரும் நண்பரும் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று விதிப்பது; குருவானவர் வர இயலாத வீட்டிலும் அன்புடைய அயலான் ஒருவன் அக்கடமையை நிறைவேற்றலாம் என்னும் கருணை அந்நூலின் உயிர்நிலையாகும்.

சித்திரப் பதிப்பு: 1450ஆம் ஆண்டை ஒட்டி இந்நூலின் சுருக்கம், எழுத்தும் படமும் மரப்பலகையிலேயே செதுக்கப்பட்டு, பதினொரு சித்திரங்களோடு வெளிவந்தது. விசுவாசக் குலைவு, நிராசை, பொறுமையின்மை, வீண்பெருமை, உலோபம் என்ற ஐந்து சோதனைகளுக்கும் அவற்றை வெல்லும் ஐந்து தேற்றங்களுக்கும் தனித்தனியே ஒவ்வொரு படமும், ஆன்மாவைச் சம்மனசுகள் ஏற்றுக்கொள்வதாக இறுதிப் படமும் அமைந்தன. பொறுமையின்மையைக் காட்டும் படத்தில், நோயாளி தன்னைப் பராமரிக்க வந்தவனைக் காலால் உதைக்கிறான். அருகிலிருந்த மேசை கவிழ்ந்து கிடக்கிறது. உலோபப் படத்திலோ, பேய்கள் அவனுடைய வீட்டையும் திராட்சரசப் பீப்பாய்களையும் குதிரையையும் சுட்டிக்காட்டி ஆசையைத் தூண்டுகின்றன. எழுத்தறியாதாரும் கண்ட மாத்திரத்தில் பொருளுணரத்தக்க இச்சித்திரங்களே நூலை எங்கும் பரப்பின.

வளர்ச்சி: 1490இல் வில்லியம் காக்ஸ்டன் இதன் சுருக்கத்தை ஆங்கிலத்தில் அச்சிட்டார். மரணத்திற்கு ஆயத்தமாதல் பற்றிய எராஸ்முஸின் நூல் 1534இல் வெளிவந்தது. 1651இல் வெளியான ஜெரமி டெய்லரின் 'ஹோலி டையிங்', தம்மை ஆதரித்த கார்பரிச் சீமாட்டியின் மரணத்தை ஒட்டி நிறைவுற்றது. நோயுற்றபின் நன்மரணம் பயிலத் தொடங்குவது காலங்கடந்த முயற்சி என்றும், ஆரோக்கியமான நாள்களில் ஒழுங்காக வாழ்வதே அதற்குரிய சாதனை என்றும் அது வற்புறுத்துகிறது.

தற்காலம்: மரணம் வீட்டைவிட்டு மருத்துவமனைக்குப் பெயர்ந்த 20ஆம் நூற்றாண்டில், நோயாளி மீண்டும் தனிமைப்பட்டான். இந்நிலையை மாற்ற முற்பட்டோருள் சிசிலி சாண்டர்ஸ், 1967இல் லண்டனில், மரிப்போரைப் பராமரிக்கும் இல்லமான புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பைஸை நிறுவினார். சிகாகோவில் மரணத் தறுவாயிலிருந்த நோயாளிகளோடு நேரில் உரையாடிய எலிசபெத் கியூப்ளர்-ராஸ், 1969இல் வெளியிட்ட நூலில் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என ஐந்து நிலைகளை வகுத்தார். எனினும், இவை எல்லோருக்கும் ஒரே வரிசையில் நிகழ்வன அல்ல.

மதிப்பீடு: பண்டைய நூல்கள் மரிப்பவனுக்குச் சொல்லவேண்டியதைக் கற்பித்தன, தற்கால நூல்கள் அவன் சொல்வதைச் செவிமடுக்கக் கற்பிக்கின்றன. நம்பிக்கைகள் எவ்வளவு வேறுபட்டாலும், மரிப்பவனைத் தனியே விடலாகாது என்னும் தர்மத்தை இருவகை நூல்களும் ஒருமுகமாக வலியுறுத்துவதால், இவை மனிதகுலத்தின் பொதுச்செல்வமாகப் போற்றத்தக்கவை.