கொலாஜன்

பாலூட்டிகளின் உடலில் மிகுதியாக உள்ள புரதம் கொலாஜன். உடலின் மொத்தப் புரதத்தில் கால் பங்குக்குக் குறையாமல் இதுவே இருக்கிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கிறது. நொதிகள் வேதிவினைகளை விரைவுபடுத்துகின்றன. கொலாஜனோ தோல், எலும்பு, தசைநாண், இரத்தக்குழாய்ச் சுவர் ஆகியவை இழுவைக்குக் கிழியாமல் தாங்கிப் பிடிக்கிறது. நீரில் நெடுநேரம் வெந்தால் பிரிந்து ஜெலட்டினாகும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கட்டியாக உறைவது இதனால்தான்.

புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களின் வரலாற்றில் ஜெலட்டினுக்குத் தனி இடம் உண்டு. 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராக்கொனோ அதைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, இனிப்பான படிகங்களைப் பெற்றார். சர்க்கரை என்றே அதைக் கருதினார். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் அது. 1902இல் எமில் ஃபிஷர் அதே ஜெலட்டினிலிருந்து ஹைட்ராக்சிபுரோலின் என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். இதற்கிடையே, எலும்பு ஜெலட்டினை ஏழைகளுக்கு மலிவான உணவாகத் தரலாம் என்ற யோசனை பாரிசில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. அதை ஆராய்ந்த குழு, ஜெலட்டின் மட்டும் உயிரைக் காக்காது என்று 1841இல் அறிவித்தது. டிரிப்டோஃபன் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் ஜெலட்டினில் இல்லை என்ற காரணம் 20ஆம் நூற்றாண்டில்தான் விளங்கியது. கொலாஜன் பொடி விற்கும் இன்றைய விளம்பரங்கள் இந்தப் பழைய வழக்கை நினைவூட்டுவதில்லை.

கொலாஜனின் வடிவம் தெளிவானது சென்னையில். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு 1952இல் தலைவராக வந்த ஜி. என். ராமச்சந்திரன், அங்கு வந்திருந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னாலின் தூண்டுதலால் இந்தப் புரதத்தை ஆராயத் தொடங்கினார். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அருகிலேயே இருந்ததால் மாதிரிகளுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. கங்காரு வாலின் தசைநாணும் அவற்றுள் அடக்கம். எக்ஸ்கதிர்ப் படங்களைக் கொண்டு அவரும் கோபிநாத் கார்த்தாவும் மூன்று சங்கிலிகள் கொண்ட அமைப்பை 1954இல் ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தனர். மூன்றும் முப்புரிக் கயிறுபோல ஒன்றையொன்று சுற்றியவை என்று மறு ஆண்டு திருத்தினர். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் வரும். சுருளின் நடுவே வேறெதற்கும் இடம் போதாது.

அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் இதை அப்படியே ஏற்கவில்லை. சங்கிலிகளை இணைக்க, ராமச்சந்திரன் கூறியதுபோல மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்க முடியாது, ஒன்றுதான் என்றனர். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாகவும் குறை கூறினர். நெருக்கத்துக்கு எல்லை எது என்ற கேள்வியை ராமச்சந்திரன் விடவில்லை. அதுவரை தெரிந்திருந்த படிக அமைப்புகளில் அணுக்களின் இடைவெளிகளைத் திரட்டி, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் முடியாது என்பதை சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு 1963இல் வெளியிட்டார். அதுவே ராமச்சந்திரன் வரைபடம். புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்பு சரியா என்று இன்றும் அதைக் கொண்டுதான் சோதிக்கிறார்கள். கொலாஜன் மாதிரியைவிட அதன் மீதான ஆட்சேபமே அறிவியலுக்கு அதிகம் தந்தது எனலாம். பிணைப்பு விவாதம் 1994இல் ஒருவாறு தீர்ந்தது. கொலாஜனை ஒத்த ஒரு பெப்டைடின் படிகத்தில் நேரடிப் பிணைப்பு ஒன்றே காணப்பட்டது. நீர் மூலக்கூறுகள் வழியான பிணைப்புகளும் இருந்தன.

முப்புரி உடல் வெப்பத்தில் குலையாமல் நிற்க ஹைட்ராக்சிபுரோலின் தேவை. செல்லில் சங்கிலி உருவானபின், அதிலுள்ள புரோலினை ஒரு நொதி அவ்வாறு மாற்றுகிறது; அந்த நொதி தொடர்ந்து இயங்க வைட்டமின் சி வேண்டும். மாற்றம் நிகழாத கொலாஜன் சுமார் 24 டிகிரி செல்சியசிலேயே பிரிந்துவிடும். வைட்டமின் சி குறைவால் மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோயில் ஈறு கசிவதும் ஆறிய புண் மீண்டும் திறப்பதும் இதனால்தான். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து நோயைத் தணித்தபோது இந்த வேதியியல் யாருக்கும் தெரியாது.

மனிதரில் 28 வகைக் கொலாஜன்கள் அறியப்பட்டுள்ளன. எலும்பிலும் தோலிலும் முதல் வகை, குருத்தெலும்பில் இரண்டாவது. முதல் வகையின் ஒவ்வொரு சங்கிலியிலும் சுமார் 1000 அமினோ அமிலங்கள் உள்ளன. மரபணுப் பிழையால் அதில் ஒரே ஒரு கிளைசினின் இடத்தில் வேறொன்று அமர்ந்தாலும் சுருள் அவ்விடத்தில் சரியாக முறுக்கிக்கொள்ளாது. சிறு அடிக்கே எலும்பு முறியும் பிறவி நோயின் கடுமையான வடிவங்கள் பலவற்றுக்குக் காரணம் இதுவே.