காவல்மரம் முதல் களைக்கொல்லி வரை

ஒருவர் மேல் கோபம் வந்தால் அவரை அடிப்பதை விட அவர் வளர்த்த மரத்தை வெட்டினால் அதிகம் வலிக்கும். இந்த உண்மை நம் முன்னோர்களுக்கு 2000 வருடங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது!

சங்க காலத்தில் ஒவ்வொரு மன்னனுக்கும் ஒரு காவல்மரம் உண்டு. போரில் ஜெயித்தவன் முதலில் கை வைப்பது அந்த மரத்தில்தான். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்ப மரத்தை வெட்டி முரசு செய்தான். சேரன் செங்குட்டுவன் மோகூர்ப் பழையனின் வேம்பை வெட்டினான். நன்னனின் மாமரத்தைக் கோசர் வீழ்த்தினர்.

இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா என்றால் இல்லை. புறநானூற்றின் 57-வது பாட்டில் காரிக்கண்ணனார் என்ற புலவர் பாண்டியன் நன்மாறனிடம், நாட்டைக் கொள்ளையிட்டாலும் ஊரை எரித்தாலும் காவல்மரங்களை மட்டும் வெட்டாதே என்று கேட்கிறார். போருக்கும் ஒரு எல்லை வேண்டும் என்று ஒருவர் அன்றே யோசித்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் வெட்டியவன் யார் என்று ஊருக்கே தெரியும். இந்த நிலையை மாற்றியது ரசாயனம். இரண்டாம் உலகப் போர் காலத்தில் 2,4-டி என்ற களைக்கொல்லி உருவானது. களை எடுக்கும் கூலியை மிச்சப்படுத்த வந்த மருந்து, சீக்கிரமே ஆயுதமானது. 1950களின் தொடக்கத்தில் மலாயாவில், காட்டுக்குள் கம்யூனிஸ்ட் போராளிகள் போட்டிருந்த உணவுத் தோட்டங்களை அழிக்க பிரிட்டிஷ் படை களைக்கொல்லி தெளித்தது. அதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட அமெரிக்கா, 1962 முதல் 1971 வரை வியட்நாமில் 7 கோடி லிட்டருக்கும் மேல் கொட்டியது.

பிறகு அது தனிமனிதப் பகைக்கும் வந்தது. 1989-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் சுமார் 500 வயதான 'ட்ரீட்டி ஓக்' மரத்துக்கு ஒருவன் களைக்கொல்லி ஊற்றினான். மண்ணை மாற்றினார்கள், நிழல் திரை கட்டினார்கள், ஊற்றுத் தண்ணீர் தெளித்தார்கள். செலவைத் தொழிலதிபர் ராஸ் பெரோ ஏற்றார். அப்படியும் மூன்றில் ஒரு பங்குதான் பிழைத்தது. குற்றவாளிக்கு 9 வருட சிறை. 1997-ல் அந்த மரம் மறுபடியும் காய்த்தது!

வீரகேரளம்புதூர் பக்கம் சிற்றாற்றுத் தண்ணீரில் கத்தரியும் வெண்டையும் போடுகிற ஒரு விவசாயிக்கு ராஸ் பெரோ வரமாட்டார். வரப்புத் தகராறில் யாராவது ராத்திரியோடு ராத்திரியாக மருந்தடித்தால் அவர் என்ன செய்வது?

செடியே சாட்சி சொல்லும். ஒன்றிரண்டு நாளில் இலை தீய்ந்தால் பாராகுவாட் போன்ற மருந்து. ஒரு வாரம், பத்து நாளில் மெல்ல மஞ்சளானால் கிளைபோசேட் போன்றது. இலையும் தண்டும் முறுக்கிக்கொண்டால் 2,4-டி வகை. உடனே போட்டோ எடுத்து, இலையையும் மண்ணையும் தனித்தனிப் பையில் எடுத்து வைக்க வேண்டும். வேளாண்மை அலுவலகத்திலும் போலீசிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காயைச் சாப்பிடவோ விற்கவோ கூடாது. மறுபடி விதைக்கும் முன் அந்த மண்ணை ஒரு தொட்டியில் போட்டு நாலு பயறு ஊன்றிப் பார்க்கலாம். ஒழுங்காக முளைத்து வளர்ந்தால் நம்பிக்கை வரும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1860-ம் வருட இந்திய தண்டனைச் சட்டத்தின் 435-வது பிரிவு, தீ வைத்து நாசம் செய்வதைப் பற்றியதாக இருந்தது. பொதுவான சொத்து என்றால் 100 ரூபாய் நட்டம், விளைபொருள் என்றால் 10 ரூபாய் நட்டமே அந்தப் பிரிவுக்குப் போதுமாக இருந்தது. விளைச்சலுக்கு அவ்வளவு மதிப்பு! ஆனால் மருந்து தீ இல்லாமல் எரிக்கிறது. அது சாதாரண சேதப் பிரிவில்தான் வந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 324-வது பிரிவு.

கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தினர் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு அறிவித்தது. ஆனால் பகைக்கு எந்த அறிவிப்பும் தடை போட முடியாது.

மருந்து விலையைக் கணக்குப் போடலாம். ஒரு மரம் வளர எடுத்த 20 வருடத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? காரிக்கண்ணனார் கேட்டது இதைத்தான். சற்று யோசியுங்கள்!