ரிங்குக்கு நேரே நிற்காதே

கல்முனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் ஒரு காலத்தில் லொறியும் ஜீப்பும் ஓடியது, இரண்டு லீவரும் ஒரு சுத்தியலும் வைத்திருந்த ஆட்களை நம்பித்தான். என் வாப்பா அவர்களில் ஒருவர். சாய்ந்தமருதில் பிரதான வீதியோரம் ஓலைக் கொட்டிலில் டயர் கடை வைத்திருந்தார். ஓலை போய்த் தகரம் வந்தது தவிர வேறு பெரிய மாற்றமில்லாமல் இப்போது அதை நான் நடத்துகிறேன். எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்ட பொருள் ஒன்று உண்டு. ஸ்பிளிட் ரிம் என்று கம்பனிப் புத்தகங்கள் எழுதும் அதை நாங்கள் ரிங் போட்ட ரிம் என்போம். அது இந்தக் கரைக்கு வந்த கதையையும் போய்க்கொண்டிருக்கும் கதையையும் யாராவது எழுதி வைக்க வேண்டும்.

கார் ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். டயர் விளிம்பின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினால் மறுபக்கம் தளரும், லீவரால் நெம்பி வெளியே எடுத்துவிடலாம். லொறி டயரிடம் அந்த விளையாட்டு நடக்காது. பத்து, பன்னிரண்டு பிளை போட்ட பழைய நூல் டயரின் விளிம்புக்குள் கம்பிக் கட்டு இருக்கிறது, எவ்வளவு நெம்பினாலும் வளையாது. டயர் வளையாவிட்டால் ரிம்மையே பிரித்துவிடுவோம் என்று யோசித்தவன் கெட்டிக்காரன். தட்டையான அடிப்பாகம் ஒன்று, அதன்மேல் ஏறி உட்காரும் பக்க வளையம் ஒன்று, அதைப் பூட்ட ஓரிடத்தில் வெட்டு விட்ட லொக் ரிங் ஒன்று. அடிப்பாகத்தின் ஓரத்தில் சுற்றிவர ஒரு காடி ஓடும், லொக் ரிங் அதற்குள் விழும். உள்ளே டியூப், டியூப்புக்கும் இரும்புக்கும் நடுவே பிளாப். மூன்று துண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு நட்டும் இல்லை. காற்று ஏற ஏற டயர் பக்க வளையத்தைத் தள்ளும், பக்க வளையம் லொக் ரிங்கைக் காடிக்குள் இறுக்கும். பூட்டும் காற்றுத்தான், உடைத்துக்கொண்டு வருவதும் காற்றுத்தான்.

எங்கள் வீட்டில் இந்தத் தொழிலைத் தொடங்கியவர் மூத்தப்பா. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை கட்ட மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி வந்தது. மாட்டு வண்டியும் தோணியும் பார்த்துப் பழகிய ஊர்களுக்கு அவர்கள் கொண்டுவந்த மண் வெட்டும் இயந்திரங்களும் மண் ஏற்றும் வண்டிகளும் வேறொரு உலகம். சம்மாந்துறை, கல்முனைப் பக்கத்தில் இருந்து கூலிக்குப் போனவர்களோடு மூத்தப்பாவும் போனார். மண் வெட்டப் போனவரை, கை பலமாக இருக்கிறது என்று டயர் மாற்றும் இடத்தில் விட்டார்களாம். அணை கட்டி முடிந்து, இன்று சேனாநாயக்க சமுத்திரம் என்கிற குளம் நிரம்பியது. மூத்தப்பா இரண்டு நீள லீவரோடு ஊருக்கு வந்தார். அவை சம்பளத்தில் சேர்ந்ததா சேராததா என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஒன்று இன்னும் கடையில் இருக்கிறது, நுனி தேய்ந்து அரை அங்குலம் குறைந்திருக்கும்.

குளத்துத் தண்ணீர் வயலுக்கு வந்ததும் நெல் பெருகியது, நெல்லுக்கு லொறி வேண்டியிருந்தது. முதலில் பெட்போர்ட், பிறகு டாடா, அசோக் லேலண்ட். எல்லாமே இருபது அங்குல ரிங் போட்ட ரிம். பெரிய வயல்காரரான போடிமார் வாங்கிய உழவு மெசினின் சொந்தச் சில்லு ஒற்றைத் துண்டு ரிம்தான். ஆனால் மெசின் இழுக்கும் பெட்டிக்குப் பழைய லொறியின் அச்சையும் சில்லையும்தான் பூட்டினார்கள். ஆகவே வட்டைக்குள்ளும் ரிங் போட்ட ரிம் நுழைந்தது. களவெட்டியில் இருந்து மூட்டை ஏற்றி வரும் பெட்டி வயல் வரம்பில் பஞ்சராகி நின்றால் ஆள் விடுவார்கள். வாப்பா சைக்கிளில் லீவரையும் கைப் பம்பையும் கட்டிக்கொண்டு போவார். கரண்டும் கெம்பிரசரும் இல்லாத இடத்தில் அரை மணித்தியாலத்தில் டயர் கழன்று, டியூப் ஒட்டி, திரும்பப் பூட்டியாகிவிடும்.

இந்த ரிம்முக்கு நான் சொல்லும் முதல் நன்மை இதுதான். கொழும்பில் இருப்பவனுக்கு இது பெரிய விசயமாகப் படாது. பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை வழியாகக் கொழும்புக்குப் போகும் அந்தப் பாதையில், காடு இரு பக்கமும் நெருங்கி நிற்கும் இடத்தில் இரவு பதினொரு மணிக்கு நெல் லொறி படுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே டிரைவரும் கிளீனரும் தாங்களாகவே செய்யக்கூடிய வேலையாக இருந்ததால்தான் மூட்டை விடியமுன் புறக்கோட்டைக்குப் போனது. இன்னொரு நன்மையும் உண்டு. ரிம்மில் பள்ளம் இல்லாதபடியால், ஓடும்போது காற்று திடீரென்று இறங்கினாலும் டயர் விளிம்பு விழுந்து கழலாது.

1970க்கும் 1977க்கும் நடுவே சாமான் இறக்குமதி கட்டுப்பட்டிருந்தது. களனியில் சோவியத் உதவியோடு கட்டிய அரச டயர் தொழிற்சாலையின் டயருக்கு ஆள் பிடிக்க வேண்டும், பேர்மிட் எடுக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். அந்த வருசங்களில் டயர் கடைக்காரன் வைத்தியன் மாதிரி. வெடித்த டயருக்கு உள்ளே இன்னொரு டயரின் துண்டை வெட்டிக் கொடுத்து, பிளாப்புக்குப் பதிலாகப் பழைய டியூப்பைக் கிழித்து வைத்து ஓட்டினோம். ரிங் வளைந்தால் அடித்து நிமிர்த்தினோம். அதுதான் பிழையின் விதை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் யப்பான் ரீகண்டிசன் லொறிகள் வந்து குவிந்தன. இசுசு எல்ஃப், மிட்சுபிசி கண்டர். சின்ன லொறி, பதினாறு அங்குல ரிம், அதிலும் ரிங். ஒவ்வொரு கம்பனியின் காடியும் ஒவ்வொரு விதம். ரிங்கில் இலக்கம் அடித்திருக்கும், அடிப்பாகத்திலும் அடித்திருக்கும், இரண்டும் பொருந்த வேண்டும். பெயின்ட் அடித்துத் துரு மூடிய ரிங்கில் யார் இலக்கம் தேடுவார்? பழைய இரும்புக் கடையில் அளவுக்குக் கிட்ட வந்த ரிங்கை வாங்கி, சுத்தியலால் நான்கு அடி அடித்தால் உட்காரும். உட்கார்ந்த மாதிரித் தெரியும்.

கணக்குப் பார்ப்போம். 9.00-20 டயரின் ஒரு பக்கத்தில், ரிம் விளிம்பில் இருந்து வயிறு புடைத்த இடம் வரைக்கும் ஏறத்தாழ 400 சதுர அங்குலம். லொறிக்குக் காற்று, சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தல். பெருக்கினால் 36,000 இறாத்தல், அதாவது 16 தொன். மூட்டை நிரம்பிய பழைய டாடா லொறியின் மொத்த நிறையைவிடக் கூட. அவ்வளவையும் காடிக்குள் விரல் தடிப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு வளையம் தாங்குகிறது. காடியில் துரு தின்றிருந்தாலோ ரிங் பொருந்தாவிட்டாலோ அது கழன்று விழாது, பறக்கும். இந்தக் கரையில் ஒரு கடையில் ரிங் பாய்ந்து ஒரு பொடியனின் கை முழங்கையோடு போனதைக் கண்டிருக்கிறேன். கூரைத் தகரத்தில் அந்த ரிங் போட்ட ஓட்டையைப் பல மாதம் அடைக்காமலே வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே இந்த ரிம்களால் பலர் செத்த பிறகு, 1980இல் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தில் விதி கொண்டுவந்தார்கள். பல துண்டு ரிம்முக்குக் காற்றடிப்பதானால் இரும்புக் கூட்டுக்குள்ளோ அதற்கு ஈடான தடுப்புக்குள்ளோ வைத்து அடிக்க வேண்டும், அடிப்பவன் பாயும் திசைக்கு வெளியே நிற்க வேண்டும், வேலை தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

வாப்பாவிடம் கூடு இருக்கவில்லை, ஆனால் முறை இருந்தது. வண்டியில் இருந்து சில்லைக் கழற்றமுன் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க விடுவார். பின்பக்கச் சோடிச் சில்லானால் இரண்டிலும் விடுவார், ஒன்று மட்டும் பஞ்சர் என்றாலும். பிறகு வால்வுக்குள் கம்பி விட்டுக் குத்திப் பார்ப்பார், மண் அடைத்துக் காற்று உள்ளே நிற்கிறதா என்று. லொக் ரிங்கின் வெட்டுக்குள் ஒரு லீவரைக் கொடுத்து நெம்பி, இரண்டாவது லீவரை ஒரு சாண் தள்ளி விட்டு, இரண்டையும் மாறி மாறி நடத்திக்கொண்டு சுற்றி வருவார். கழன்ற ரிங்கைத் தரையில் போட்டு ஆட்டுவார். ஆடினால் அது வளைந்த ரிங், ஓரமாகப் போய்விடும். காடியைக் கம்பிப் புருசால் தேய்த்துவிட்டுக் கண்ணை நம்பாமல் பெருவிரல் நகத்தை உள்ளே ஓட விடுவார். பூட்டியதும் ரிங் பக்கம் நிலத்தைப் பார்க்கக் கவிழ்த்து, லொறியின் சேஸிக்குக் கீழே தள்ளி, ரிம்மின் ஓட்டைகளுக்குள்ளால் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுத்தான் காற்று. கொஞ்சம் அடித்து நிறுத்தி ரிங் சுற்றிவர உட்கார்ந்ததா என்று பார்ப்பார். உட்காராவிட்டால் காற்றை விட்டுத் திரும்பக் கழற்றுவார், காற்று இருக்கும்போது சுத்தியலைத் தொட விடமாட்டார்.

“அங்கால நில்லு மகன், ரிங்குக்கு நேரே நிக்காத” என்று எனக்குச் சொன்ன அளவுக்கு அவர் வேறெதையும் சொன்னதில்லை.

ஜீப்பின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ் ஜீப்புக்குப் பூட்டிய போர்க்கள ரிம்மில் லொக் ரிங் இல்லை. இரண்டு பாதிகளை நட்டுப் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஆபத்து வேறு உருவத்தில் வந்தது. சில்லைக் கழற்றும் நட்டு எது, ரிம்மைப் பிரிக்கும் நட்டு எது என்று தெரியாதவன் காற்று இருக்கும்போதே பிந்தியதைக் கழற்றினால் இரண்டு பாதியும் வெடித்துப் பிரியும். அதனால்தான் பிரித்தானிய இராணுவம் தன் வண்டிகளில் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு மை பூசியது. பிறகு வந்த டொயோட்டா லேண்ட் குரூசரின் சில மொடல்கள் 7.50-16 டயரோடு ரிங் ரிம்மில் வந்தன. சுனாமிக்குப் பின் உதவிக்கு வந்த வெள்ளை வண்டிகளில் சிலவற்றிலும் அதைப் பார்த்தேன். உலகின் எந்த மூலையில் பஞ்சரானாலும் உள்ளூர் ஆள் இரண்டு லீவரால் கழற்றுவான் என்பதுதான் அந்தத் தெரிவுக்குக் காரணம்.

ஆனால் மணலில் இந்த ரிம் எனக்குப் பிடிக்காது. பாணமைக்கு அப்பால் ஒகந்தை, குமண பக்கம் போகும் ஜீப்காரர் மணலுக்காகக் காற்றைக் குறைப்பார்கள், குறைக்கத்தான் வேண்டும். காற்றுக் குறைந்தால் பூட்டும் குறைகிறது. டயர் ரிம்மில் வழுக்கினால் டியூப்பின் வால்வைப் பிடுங்கிவிடும், ரிங்குக்கு அடியில் மணல் போய் உட்காரும். தார் வீதிக்கு ஏறியதும் சின்னக் கெம்பிரசரைப் பற்றரியில் மாட்டி, சில்லுக்கு முன்னால் குந்தியிருந்து காற்றடிக்கிறார்கள். காடிக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. குமண காடு யுத்தத்தால் 1985இல் மூடி 2003இல்தான் திறந்தது. அதற்குப் பிறகு சவாரி ஜீப் வைத்துப் பிழைக்க வந்த பிள்ளைகளுக்கு லொறிக் கடையின் பழக்கம் கிடையாது. அவர்களிடம் நான் ஒற்றைத் துண்டு ரிம்முக்கு மாறச் சொல்கிறேன். பதினாறு அங்குல ஜீப் டயரை இன்று கையாலேயே அதிலும் ஏற்றலாம். நிறையும் குறைவு.

2004 டிசம்பர் 26 பற்றி இதில் ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. மருதமுனையில் இருந்து சாய்ந்தமருது வரைக்கும் கடல் வந்து போன பிறகு லொறிகள் உப்புத் தண்ணீரில் நின்றன. எஞ்சினைக் கழுவியவர்கள் சில்லைக் கழுவவில்லை. பிளாப்புக்கு அடியில் உப்பு தங்கி, வெளியே பெயின்ட் பளபளக்க உள்ளே காடியைத் தின்றது. அந்த வண்டிகள் உடைபட்டபோது ரிம்கள் பழைய இரும்புக் கடைகளுக்குப் போய், அங்கிருந்து மெசின் பெட்டிகளுக்குத் திரும்பி வந்தன. சுத்தியலால் தட்டினால் செதில் செதிலாகக் கொட்டும் ரிம்களைப் பல வருசம் ஒதுக்கிக்கொண்டே இருந்தேன். அவற்றை வேறு கடையில் பூட்டிக்கொண்டார்கள் என்பதும் தெரியும்.

இப்போது வரும் பெரிய லொறிகளில் டியூப் இல்லாத 22.5 அங்குல ரேடியல், ஒற்றை ரிம். கார் ரிம் மாதிரி அந்த ரிம்மின் நடுவிலும் பள்ளம் இருக்கிறது, ஆகவே ரிம்மைப் பிரிக்கத் தேவையில்லை. சூடும் குறைவு, பஞ்சரானாலும் காற்று மெல்லத்தான் இறங்கும். ரிங் ரிம் தானாகவே செத்திருக்கும். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 வரைக்கும் கதவு திறக்கவில்லை. உடைக்கப் போட்டிருந்த கண்டரும் எல்ஃபும் அந்த இடைவெளியில் திரும்ப வீதிக்கு வந்தன, அவற்றோடு ரிங்கும். நல்ல லொக் ரிங் கிடைப்பது அருமை. வெடித்த ரிங்கை வெல்ட் வைத்து, கிரைண்டரால் மட்டம் பண்ணி, மேலே கறுப்பு மை அடித்துக் கொண்டுவருகிறார்கள். மையைச் சுரண்டி வெல்டைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். வெல்ட் வைத்த ரிங்குக்கு என் கடையில் காற்று அடிப்பதில்லை என்று பலகையே எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். “வாப்பாட காலத்துல இப்படிச் சொல்லமாட்டாங்க காக்கா” என்று கோபித்துக்கொண்டு அக்கரைப்பற்றுப் பக்கம் போகிறவர்களும் இருக்கிறார்கள். வாப்பா காலத்தில் ரிங்குக்கு வெல்ட் வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை.