எட்டு நிமிஷம், நாலு சார்ட்: குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் கதை

இன்னைக்குப் பேசப்போறது பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்ற ஆராய்ச்சியைப் பத்தி. ஆனா கதையை 1916-ல், சேலத்தில் இருந்து ஆரம்பிக்கணும்.

அப்போ ராஜாஜி சேலத்தில் வக்கீல். நகராட்சித் தலைவர் ஆகுறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. அந்த வருஷம் அறிவியல் சொற்களைத் தமிழுக்குக் கொண்டுவர ஒரு சங்கம் தொடங்கினார். வேதியியல், இயற்பியல், கணிதம், வானியல், உயிரியல்னு எல்லாத் துறைச் சொற்களுக்கும் எளிய தமிழ்ச் சொல் உண்டாக்குறதுதான் வேலை. தமிழில் அறிவியல் சொல்ல முடியுமாங்கிற சந்தேகம் படிச்சவங்க மத்தியில் பலமா இருந்த காலம். முடியும்னு ஒரு மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்காங்க. அதுக்காகவே அவங்களைப் பாராட்டலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனிங்க. அறிவியல் வேற எங்கேயோ உருவாகுது, அதை இங்க கொண்டுவந்து தமிழ்ப் பாத்திரத்தில் ஊத்தணும்: இதுதான் அந்த முயற்சியோட அடிப்படை. ரொம்ப காலத்துக்கு இங்க அறிவியல் பரப்புறதுன்னா இந்த ஒருவழிப் போக்குவரத்துதான். 1980-ல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கின பிறகும், 1987-ல் பிள்ளைகளுக்கான 'துளிர்' மாத இதழ் வந்த பிறகும், பெரும்பாலும் பெரியவங்க சொல்ல பிள்ளைகள் கேட்டாங்க. பிள்ளைகள் சொல்ல பெரியவங்க கேக்குறதுக்குன்னு ஒரு மேடை அப்போ பெருசா இல்லை.

அந்த மேடை குவாலியரில் இருந்து வந்தது. 1991-ல் குவாலியர் அறிவியல் மையம்ங்கிற தன்னார்வ அமைப்பு மத்தியப் பிரதேசத்துப் பிள்ளைகளுக்காக ஒரு மாநாடு நடத்தினாங்க. 1993-ல், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையோட ஆதரவில், அது நாடு முழுக்கப் போச்சு. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. தமிழ்நாட்டில் அதை ஒருங்கிணைச்சு நடத்தினது தமிழ்நாடு அறிவியல் இயக்கம்.

இதைக் கேட்டதும் பலருக்கு ஸ்கூல் எக்ஸிபிஷன் ஞாபகம் வரும். தெர்மாகோல் எரிமலை, காத்தாலை மாடல், பக்கத்தில் நின்னு மனப்பாடமா ஒப்பிக்கிற பையன். இது அது இல்லை. இங்க மாடலுக்கு வேலையே இல்லை. வயசு 10-ல் இருந்து 17 வரைக்கும். ஸ்கூலுக்குப் போகாத பிள்ளைகளும் கலந்துக்கலாம் (இந்த விதியை யார் எழுதினாங்களோ, அவங்களுக்கு ஒரு சல்யூட்). ஆரம்பத்தில் அஞ்சு பேர் வரை ஒரு குழு, பிறகு அதை ரெண்டு பேரா குறைச்சாங்க. கூட ஒரு வழிகாட்டி ஆசிரியர். பொதுக் கருப்பொருள் ஒண்ணு கொடுப்பாங்க: 2004, 2005-ல் தண்ணீர், 2012, 2013-ல் எரிசக்தி, இப்படி. அந்தக் கருப்பொருளுக்குள்ள சொந்த ஊர்ப் பிரச்சினை ஒண்ணைப் பிள்ளைகள் எடுத்துக்கணும். அளக்கணும், கணக்கெடுக்கணும், அன்னன்னைக்குச் செஞ்சதைக் குறிப்பேட்டில் எழுதணும். கடைசியில் நடுவர்கள் முன்னாடி எட்டு நிமிஷம் பேசணும். கையில் நாலு சார்ட். அப்புறம் கேள்விகள்.

என்ன மொழியில்? தமிழில். மாவட்டம், மாநிலம் தாண்டி தேசிய மாநாட்டுக்குப் போனாலும், அறிக்கை அவங்கவங்க மொழியில் இருக்கலாம். 1916 சங்கத்துக்காரங்க இதைப் பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க, கொஞ்சம் ஆச்சரியமும் பட்டிருப்பாங்க. வெளிய இருந்து வந்த அறிவைச் சொல்லத்தானே அவங்க சொல் தேடினாங்க? இங்க ஒரு எட்டாம் வகுப்புப் பொண்ணு தானே கண்டுபிடிச்சதைச் சொல்லச் சொல் தேடுது.

சேலம், நாமக்கல் பக்கம் இந்த விதிகளை வச்சுப் பாருங்க, விஷயம் சூடாகிடும். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமா ஆச்சு, ஆனா ரெண்டுக்கும் மண்ணும் தண்ணியும் ஒண்ணுதான். பாறை பூமி. போர்த் தண்ணியில் பல இடத்தில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு இந்தியத் தர அளவு சொல்லுது. அதைத் தாண்டின தண்ணியைக் குழந்தையா இருக்கும்போதே வருஷக்கணக்கில் குடிச்சா, முளைக்கிற பல்லில் பழுப்புக் கறை வரும். ஒரு வகுப்பில் எத்தனை பேர் பல்லில் கறை, அவங்க வீட்டுத் தண்ணி எந்த போரில் இருந்து வருதுன்னு கணக்கெடுக்க பெரிய லேப் வேண்டாம். ஒரு நோட்டும், கூடப் படிக்கிறவங்க நம்பிக்கையும் போதும். வெளியூர் விஞ்ஞானி வந்து வாயைத் திறன்னு சொன்னா எந்தப் பிள்ளை சிரிச்சுக்கிட்டே காட்டும்? இந்த ஒரு ஆராய்ச்சியில் பிள்ளைகள்தான் நிபுணர்கள்.

அடுத்தது மரவள்ளி. ஆத்தூர், ராசிபுரம் பக்கம் கிழங்கு அரைச்சு மாவும் ஜவ்வரிசியும் எடுக்கிற சேகோ ஆலைகள் நிறைய. கிழங்கைக் கழுவ, மாவைப் பிரிக்க, எல்லாத்துக்கும் தண்ணி வேணும். வெளிய வர்ற கழிவுநீர் புளிச்சுப் போய் நாறும், அமிலத்தன்மை இருக்கும். பிஎச் தாள் வச்சு ஆலைக்குப் பக்கத்துக் கிணறு, அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு கிணறு, ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒண்ணுன்னு ஒரு குழு அளக்குதுன்னு வச்சுக்குவோம். அந்தக் குழுவில் ஒரு பையனோட அப்பா அதே ஆலையில் வேலை பார்க்கிறார். இப்போ சொல்லுங்க, அந்த எட்டு நிமிஷம் பேசுறது சாதாரண விஷயமா?

பிள்ளைகளோட ஆராய்ச்சியைப் பொதுவில் வைக்க உதவுறதுன்னா மைக் பிடிக்கக் கத்துக்கொடுக்கிறது மட்டும் இல்லை. "மூணு கிணத்தில், இந்தத் தேதிகளில், இதை அளந்தோம், இதுதான் வந்தது"ன்னு சொல்லக் கத்துக்கொடுக்கணும். ஆலைதான் காரணம்னு அதுக்குள்ள தாவக்கூடாது. கோழிப்பண்ணை கூட காரணமா இருக்கலாம், நாமக்கல்லில் அதுக்கா பஞ்சம்? அளவோட நிக்கிற வாக்கியத்தை யாராலும் மிரட்டிப் பின்வாங்க வைக்கிறது கஷ்டம். பிள்ளைக்கு வழிகாட்டி ஆசிரியர் கொடுக்கிற உண்மையான பாதுகாப்பு அதுதான்னு நினைக்கிறேன்.

இங்கிலாந்தில், டெவன் பகுதியில் பிளாக்காட்டன்னு ஒரு கிராமம். அங்க ஆரம்பப் பள்ளியில் எட்டுல இருந்து பத்து வயசுக்குள்ள 25 பிள்ளைகள் வண்டுத்தேனீக்களை வச்சு ஒரு பரிசோதனை செஞ்சாங்க. பூவைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தையும் அது இருக்கிற இடத்தையும் சேர்த்துத் தேனீ பயன்படுத்துதாங்கிறதுதான் கேள்வி. பியூ லாட்டோங்கிற நரம்பியல் விஞ்ஞானி கூட இருந்தார். ஆனா கட்டுரை பிள்ளைகளோட மொழியில், படங்கள் கலர் பென்சிலில். முந்தைய ஆய்வுகளோட மேற்கோள் பட்டியல் கிடையாது. 2010 டிசம்பரில் ராயல் சொசைட்டியோட 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழ் அதை வெளியிட்டது. இன்னைக்கும் யார் வேணும்னாலும் தேடி எடுத்துப் படிக்கலாம்.

எனக்கு உறுத்துறது இந்தக் கடைசி வாக்கியம்தான். அங்க ஒரே ஒரு பள்ளி, ஒரு கட்டுரை. இங்க 1993-ல் இருந்து எத்தனை குழுக்கள், எத்தனை கிணறுகள், எத்தனை ஏரிகள். எட்டு நிமிஷம் முடிஞ்சதும் சான்றிதழ் கொடுப்பாங்க, சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு பீரோ மேல வச்சிடுவோம். நம்ம பாஷையில் சொன்னா கமிட் பண்ணியாச்சு, புஷ் பண்ணலை. 2004-ல் ஒரு குழு அளந்த கிணத்தை இந்த வருஷம் அதே ஊர்ப் பிள்ளைகள் திரும்ப அளந்தா, இருபது வருஷ ஒப்பீடு கையில் இருக்கும். எந்தப் பல்கலைக்கழகமும் அவ்வளவு சின்ன ஊருக்கு அந்தத் தரவை எடுத்து வச்சிருக்காது. பழைய நோட்டு இல்லாததால் ஒவ்வொரு குழுவும் முதல் குழுவாவே தொடங்குது.

இதுக்கு சர்வர், ஆப் எல்லாம் அப்புறம். பள்ளி நூலகத்தில் ஒரு அலமாரி, அறிக்கையோட ஒரு நகல், முன் அட்டையில் கிணத்தோட இடமும் அளந்த தேதியும். அது முதல் படி.

ரெண்டாவது படி நடுவர்களுக்கு அப்புறம் வர்ற கேட்பவர்கள். திட்ட அறிக்கையில் அடுத்து என்ன செய்யப்போறோம்ங்கிற பகுதியையும் பிள்ளைகள் எழுதணும். அந்தப் பகுதிக்கு ஏற்கனவே ஒரு இடம் இருக்கு. தமிழ்நாட்டில் இப்போ வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுது. டிசம்பர் முடிஞ்சா அடுத்த கூட்டம் ஜனவரி 26. அதே நாலு சார்ட், அதே எட்டு நிமிஷம், எதிர்ல அந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிக்கிறவங்க.