காத்திருப்பறையும் கட்டணமும்: வியன்னாவில் ஓர் உளச்சிகிச்சையாளரின் தொழில் வாழ்வு

உளவளத்துணையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கொள்கைகளின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். எக்கொள்கை எதனை மறுத்தது, எவர் எவரிடமிருந்து பிரிந்தார் என்பனவே விரிவாகப் பேசப்படுகின்றன. ஓர் அறையில் அமர்ந்து, நாள் முழுதும் பிறர் துயரைச் செவிமடுத்து, அதற்குக் கட்டணம் பெற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒரு தொழிலாகவும் அது வளர்ந்தது என்பது மறக்கப்பட்டுவிடுகின்றது. சிக்மன்ட் பிராய்டின் வியன்னா அறையை இக்கண்ணோட்டத்தில் நோக்குவது பயனுடையதாகும்.

பிராய்ட் தனியார் தொழிலை விரும்பி ஏற்றவரல்லர். அவர் உள்ளம் ஆய்வுகூடத்தையே நாடியது. எனினும் ஆய்வுகூட வாழ்வில் வருவாய்க்கு வழியில்லை. 1882இல் மார்த்தா பெர்னேய்ஸ் என்பாருக்கும் அவருக்கும் திருமணம் நிச்சயமாகியிருந்தது. எனவே பொது வைத்தியசாலையிற் பயிற்சி பெற்று, 1886ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தமது தொழிலைத் தொடங்கினார். அவ்வாண்டு செப்டெம்பரிலேயே திருமணம் நிகழ்ந்தது. 1891இல் பேர்க்காஸ வீதி 19ஆம் இலக்க இல்லத்திற்குக் குடிபெயர்ந்து, 47 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். பிள்ளைகள் அறுவர்.

தொழில் எப்பொழுதும் செழித்திருந்ததெனக் கொள்ளலாகாது. 1896 வசந்தத்தில் வியன்னா மருத்துவர் முன்னிலையில் அவர் நிகழ்த்திய உரை வரவேற்பின்றிப் போயிற்று. அடுத்த மாதம் நண்பர் பிளீஸுக்கு வரைந்த கடிதத்தில், தம் அறை வெறிச்சோடிக் கிடப்பதாகவும் வாரக்கணக்கிற் புதுமுகம் எதனையுங் காணவில்லையெனவும் அவர் முறையிட்டார்.

இருபது ஆண்டுகளின் பின் பல்கலைக்கழக விரிவுரையொன்றில் அவர் கூறிய செய்தியொன்று ஈண்டு நினைவுகூரத்தக்கது. காத்திருப்பறைக்கும் சிகிச்சை அறைக்கும் இடையே அவர் இரட்டைக் கதவு அமைத்திருந்தார். உள்ளே வருவோருட் சிலர் அக்கதவுகளை மூடாது விட்டுவிடுவர். வேறெவரேனும் வெளியே காத்திருந்தால் இத்தவறு நேர்வதில்லை. காத்திருப்பறை வெறுமையாயிருக்கும்போதே நேரும். பெருங்கூட்டத்தை எதிர்பார்த்து வந்தவர் எவரையுங் காணாமையால் மருத்துவர்மீது கொண்ட மதிப்பை இழந்துவிடுகின்றார் என்பது பிராய்டின் விளக்கம். அவர் சற்றுக் கடுமையாகவே திரும்பிச்சென்று கதவை மூடுமாறு பணிப்பார். விளக்கம் நுட்பமானதே. ஆயினும் வெறுமையான காத்திருப்பறை வந்தவரை மட்டுமா உறுத்தியது என்று கேட்கத் தோன்றுகின்றது. 1896ஆம் ஆண்டுக் கடிதத்தைப் படித்தவர்க்கு விடை எளிது.

1913இல் வெளிவந்த, சிகிச்சையைத் தொடங்கும் முறை பற்றிய கட்டுரையில் பிராய்ட் வியக்கத்தக்க வெளிப்படையோடு பேசுகின்றார். ஞாயிறும் விடுமுறை நாள்களும் தவிர்ந்த ஆறு நாள்களும் வேலை. ஒவ்வொருவருக்கும் நாளில் ஒரு மணித்தியாலம் வாடகைக்கு விடப்பட்டதுபோல் ஒதுக்கப்படும். வராவிடினும் அதற்குரிய பணத்தைச் செலுத்தவேண்டும். இவ்விதியைத் தளர்த்தினால் இடையிடையே வரும் நோய்களும் தடைகளும் பெருகிவிடுகின்றன என்பது அவர் அனுபவம். நோயாளரைச் சாய்வுமஞ்சத்திற் படுக்கவைத்துத் தாம் பின்னால் அமர்வதற்கும் அவர் கூறும் காரணங்களுள் ஒன்று கொள்கை சார்ந்ததன்று: நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலமும் அதற்கு மேலும் பிறர் தம்மை உற்றுநோக்கிக்கொண்டிருப்பதைத் தாங்கமுடியவில்லையாம். உழைத்துக் களைத்த மனிதர் ஒருவரின் குரலை இங்கே கேட்கின்றோம்.

ஏழைகளை என் செய்வது? இக்கட்டுரையிலேயே சிக்கல் முனைப்பாகின்றது. ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் நாள்தோறும் ஒரு மணித்தியாலத்தை, சிலவேளை இரண்டினை, அவர் இலவசமாக அளித்திருந்தார். இலவசச் சிகிச்சை நோயாளரின் தடைகளைக் கூட்டியதே தாம் கண்ட பயன் என்று எழுதினார். அத்துடன், ஓர் இலவச மணித்தியாலம் வருவாய் ஈட்டும் நேரத்தில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கினை விழுங்கிவிடுவதையும் கணக்கிட்டுக் காட்டினார். இவ்விரு நியாயங்களுள் எது முந்தியது என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று. தொழிலாளியின் கணக்கு அறிஞரின் முடிவிற் கலந்துள்ளதென்றே கொள்ளவேண்டியுள்ளது.

எனினும் 1918 செப்டெம்பரில், போர் முடியுந் தறுவாயில், புடாபெஸ்ற் மாநாட்டில் அதே பிராய்ட் வேறுவிதமாகப் பேசினார். உடலுக்கு அறுவைச் சிகிச்சை பெறும் உரிமை ஏழைக்கு இருப்பதுபோல் உள்ளத்திற்கு உதவி பெறும் உரிமையும் உண்டு. ஒருநாள் சமுதாயத்தின் மனச்சாட்சி விழித்து, கட்டணமற்ற நிலையங்களை அமைக்கும் என்றார். அவர் மாணாக்கர் அந்நாளுக்குக் காத்திருக்கவில்லை. 1920இல் பேர்லினிலும், 1922இல் வியன்னாவிலும் இத்தகைய நிலையங்கள் திறக்கப்பட்டன. சொந்தத் தொழில் நடத்திய பகுப்பாய்வாளர்கள் தம் நேரத்தின் ஒரு பகுதியை அவற்றுக்கு வழங்கினர்.

அதே ஆண்டுகளிற் பிராய்டின் சொந்த நிலையோ நெருக்கடியானது. பணவீக்கத்தில் அவர் சேமிப்பு அழிந்தது. ஒஸ்திரிய நாணயம் மதிப்பிழந்தமையால் டொலரும் பவுணும் செலுத்தவல்ல அமெரிக்கரையும் ஆங்கிலேயரையும் ஏற்று, மணிக்கணக்கில் ஆங்கிலத்தைக் கேட்டுச் சோர்ந்தார். ஏழைக்கு உரிமையுண்டென முழங்கியவரின் அறைக்கு வசதிமிக்க அந்நியரே மிகுதியாக வந்தனர்.

1938இல் நாசி ஜேர்மனி ஒஸ்திரியாவைக் கைப்பற்றியதும் வியன்னா நிலையம் மூடப்பட்டது. ஜூன் 4ஆந் திகதி பிராய்ட் குடும்பத்துடன் நாட்டைவிட்டு வெளியேறினார். சாய்வுமஞ்சமும் பின்னர் இலண்டன் சென்றது. அங்கும், தாடைப் புற்றுநோயின் கடுமைக்கிடையே, அவர் சில நோயாளரை ஏற்றுவந்தார். தொழிலை அவர் முறைப்படி நிறுத்தியது 1939 ஆகஸ்ட் முதலாந் திகதியன்று; செப்டெம்பர் 23இல் அவர் உயிர் பிரிந்தது.